அப்பா நட்டதும் பிடுங்கியதும்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கொடைக்கானல் போயிருந்தேன். மறுநாள் கவுஞ்சி பக்கம் காரில் போகும்போது வழியில் ஒரே கூட்டம். மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த மரங்களுக்கு நடுவே ஆளாளுக்கு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் ஆதி காலத்துக் காடு மேடம். மனுசக் கையே படாதது" என்றார் டிரைவர்.

"இல்லப்பா... இது எங்கப்பா நட்டது" என்றேன்.

கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் நான் சொன்னது பெருமையிலா, வெட்கத்திலா? எழுபது வயது தாண்டியும் எனக்கு அது தெளிவாகவில்லை. அதனால்தான் இந்த வாரம் உங்களிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று...

அப்பா பெயர் வேலப்பன். கவுஞ்சியில் மலைச்சரிவைப் படிகளாக வெட்டிய நிலத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டவர். அப்படியொரு உழைப்பாளி. ஊர் கண் விழிப்பதற்குள் ஒரு படி நிலத்தைக் கொத்தி முடித்திருப்பார். சரி, வேலை இல்லாத நாளிலாவது வீட்டில் இருப்பாரா? மாட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் அவித்த கிழங்கைத் துணியில் முடிந்துகொண்டு, எங்கள் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு ஊருக்கு மேலே இருக்கிற புல்மேட்டுக்கு ஏறிவிடுவார்.

"வீட்டுக்குள்ள இருந்தா முள்ளாக் குத்துதா உங்களுக்கு?" என்று அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே கூட வருவாள்.

மேட்டில் இடுப்பளவு புல். மலை மடிப்புகளில் மட்டும் கறுப்பாகச் சோலைக்காடு. சோலை முடிகிற இடத்தில் ஒரு ஊற்று. மழை நின்று மூன்று நாலு மாதமானாலும் அந்தப் புல்மேடு நனைந்த கம்பளி மாதிரி தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். ஊரின் பூண்டுப் பயிர் பிழைத்தது அதில்தான். அப்பா புல்லில் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைப்பார். "ஏத்தா, வெரசா வா. தண்ணி நடக்குற சத்தம் கேக்குது பாரு" என்பார். எனக்கு எதுவும் கேட்டதில்லை. கேட்கிறது என்று தலையாட்டி வைப்பேன்.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் மேட்டுக்கு வாட்டில் என்கிற அந்த மஞ்சள் பூ மரம் வந்தது. அதன் பட்டை தோல் பதனிட உதவுமாம். வெளியூர் கான்ட்ராக்டர் ஒருவர் மேடு முழுக்க நடுவதற்கு ஆள் தேடினார். அப்பாவைக் கேட்க வேண்டுமா? மற்றவர்கள் ஒரு குழி போடுகிற நேரத்தில் ரெண்டு போட்டார். ஒரே சீசனில் மேஸ்திரி ஆகிவிட்டார். அந்தக் கூலியில்தான் என்னைக் கொடைக்கானலில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைத்தார். இன்றைக்கு இந்தப் பத்தியை நான் எழுதுவதே அந்த மரங்கள் போட்ட சோறு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவை யாரும் ஏமாற்றவில்லை. மலையில் நாங்கள் எல்லோருமே புல்லைச் 'சும்மா கெடக்குற மேடு' என்றுதான் சொல்வோம். மரம் நின்றால் காடு, புல் நின்றால் காலி இடம். மரம் நட்டால் மழை வரும், தண்ணீர் பெருகும் — இதில் போய் யாருக்குச் சந்தேகம் வரும்? தரையில் காது வைத்துத் தண்ணீரைக் கேட்டவருக்கே வரவில்லை.

மரம் தளதளவென்று வளர்ந்தது. ஊற்று மெலிந்தது. நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம் தை மாதத்திலேயே பூண்டு வாடி நின்றது. கோயில் வாசலில் ஊர் கூடியது. சாமி குத்தம், பொங்கல் வைத்துக் கிடா வெட்ட வேண்டும் என்று பேச்சு. அப்பா எழுந்தார்.

"சாமி மேல பழியப் போடாதீங்க. ரெண்டு நாளா மேட்டச் சுத்திப் பாத்துட்டு வர்றேன். புல்லு நிக்கிற பக்கம் ஈரம் கெடக்கு. மரம் நிக்கிற பக்கம் பொட்டு ஈரமில்ல. மரந்தேன் குடிக்குது. நட்டது நாந்தேன்."

முதலில் சிரித்தவர் சின்னையா மாமா. அம்மாவின் அண்ணன்.

"என்னா மாப்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா? மரம் குடிச்சு ஊத்து வத்துதுன்னு இன்னைக்குத்தேன் கேக்குறேன்!"

ஊரே சிரித்தது. கிடா வெட்டினார்கள். ஊற்று பெருகவில்லை.

அப்பா மேஸ்திரி வேலையை விட்டார். நட்ட மரத்தில் கை வைக்க முடியாது, அது அடுத்தவர் சொத்து. ஆனால் அதன் விதை பரவி, ஊற்றுக்கு மேலே இருந்த சரிவில் கன்றுகள் தானாக முளைத்துக்கொண்டிருந்தன. ஞாயிறுதோறும் அவற்றைப் பிடுங்க ஆரம்பித்தார். வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு வர வேண்டும். இந்த மாதம் பிடுங்கிய இடத்தில் அடுத்த மாதம் புதிதாக நிற்கும். அம்மாவும் தம்பியும் கூடப் போவார்கள், லீவில் நானும். ஊரிலிருந்து ஒருத்தர் வந்ததில்லை.

"நடுறதுக்குக் கூலி குடுத்தாக. புடுங்குறதுக்கு யாருங்க குடுப்பா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"குடுத்தத வாங்கித் தின்னுட்டமுல்ல" என்றார் அப்பா. கை நிற்கவில்லை.

சோம்பேறிகள் பெரிய தப்பு செய்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அதற்கும் உழைக்க வேண்டுமே! உழைப்பாளி தப்பு செய்தால்தான் அது மலை அளவுக்கு நிற்கிறது. அதைத் தன் கையால் திருத்தப் புறப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்து அப்பா ஒருத்தர்தான்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். நெஞ்சில் சளி கட்டி மூன்றே நாளில் அப்பா போய்விட்டார். தந்தி கிடைத்து ஓடினேன். படிக்கவைத்ததற்கு ஒரு நாளாவது நன்றி சொல்லியிருக்கிறேனா? அதை நினைத்து நினைத்துத்தான் அழுதேன்.

உடலைக் குளிப்பாட்ட எங்கள் பக்கம் நீர்மாலை எடுக்கப் போவார்கள். நான்கு பேர் ஒரு வேட்டியை நாலு முனையில் விரித்துப் பிடிக்க, அதன் கீழே மகன் குடத்தில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஊற்றுக்குப் போனோம். பாறையிலிருந்து நூலாக இறங்கிக்கொண்டிருந்தது தண்ணீர். தம்பி குடத்தை வைத்தான். நிறையுமா? அரைக் குடத்தோடு எப்படித் திரும்புவது? கொட்டு அடிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். தம்பி குடத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேட்டியின் ஒரு முனை சின்னையா மாமா கையில். ரொம்ப நேரம் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காலடியில் ஒரு வாட்டில் கன்று. வேட்டி முனையை விடாமல் குனிந்து, மறு கையால் அதை வேரோடு பிடுங்கிப் போட்டார். பக்கத்தில் இன்னொன்று. அதையும் பிடுங்கினார். பின்னால் நின்றவர்களிடம், "பாத்துக்கிட்டே நிக்கிறீகளேப்பா" என்றார். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.

குடம் நிறைந்தபோது எங்களைச் சுற்றி ஒரு கன்றுகூட இல்லை.

அந்த வேலைக்கு ஊரிலிருந்து அப்பாவுக்கு ஆள் கிடைத்தது அன்றைக்குத்தான்.