ஐந்தாவது ஊசி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் நீங்களே சொல்லிவிடுவீர்கள். என் வீட்டுக்காரிக்குக் கோபமே வராது. அதற்காக அவளைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், இடி விழுந்தாலும் விடமாட்டாள். இது அவளுடைய கதை. நான் நடுநடுவே வந்து கத்திவிட்டுப் போவேன், அவ்வளவுதான்.

நான் தையற்காரன். வீட்டின் முன்னறைதான் என் கடை. அவள் மூன்றாவது தெருவில் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். ஃப்ரேமுக்குள் லென்ஸைப் பொருத்தித் துடைத்துக் கொடுக்கும் வேலை. விரல் ரேகை ஒன்று விழுந்தாலும் மறுபடி துடைப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் முகத்தில் இருக்கிற கண்ணாடியையும் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேதியியல் என்றால் உயிர். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூடம் என்பது ஒரு பூட்டிய அறை. சாவி யாரிடம் இருந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாதாம். டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போடுவார், பிள்ளைகள் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ‘வெள்ளைப் பொடியில் ஒரு சொட்டு நீர் விட்டேன். நீல நிறம் தோன்றியது.’ அதற்கு முழு மதிப்பெண். அதற்குமேல் அவளைப் படிக்கவைக்க வீட்டில் வசதி இல்லை. என் தலையில் கட்டிவைத்துவிட்டார்கள். நல்லவேளை!

மகளுக்குக் கல்யாணமாகிப் போனதும் பின்னால் இருந்த சின்ன அறை காலியானது. அதில் துணி மூட்டைகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம், “அந்த ரூமை எனக்குக் குடுத்துடுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“லேப் வைக்கப்போறேன்.”

“அம்பது வயசுல உனக்கு ஏன் இந்த வேலை? வீட்டைக் கொளுத்தப்போறியா?”

“கொளுத்துறதா இருந்தா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் கொளுத்துவேன்.” சிரிக்காமல் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாக்காததைப் பாத்தேன்னு எழுதி மார்க் வாங்கியிருக்கேங்க. முப்பத்தஞ்சு வருஷமா உறுத்துது” என்றாள். மூட்டைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஜாம் பாட்டில்கள். மகளுக்குக் குழந்தையில் பால் கொடுத்த, பக்கத்தில் அளவுக் கோடு போட்ட பாட்டில். ஊசி கழற்றிய சிரிஞ்சு. மூடப்பட்ட ஒரு டியூஷன் சென்டரிலிருந்து பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்த பதினோரு சோதனைக் குழாய்கள், அவற்றில் இரண்டுக்கு உதடு உடைந்திருந்தது. மை பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, திரி செருகி, ஸ்பிரிட் விளக்கு ஒன்று அவளே செய்தாள். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியில் வெள்ளை லென்ஸை மாற்றிப் பொருத்திக்கொண்டாள். அதை மாட்டிக்கொண்டு நின்றால் வீட்டுக்குள் எங்கே வண்டி ஓட்டப்போகிறாள் என்று தோன்றும். படிகாரம், சலவைச் சோடா, நவச்சாரம், மயில்துத்தம் எல்லாம் கடைகடையாகக் கேட்டு வாங்கிவந்தாள். ஒவ்வொரு பாட்டிலிலும் பெயரும் வாங்கிய தேதியும் ஒட்டினாள். சாப்பிடும் பாத்திரம் எதுவும் அந்த அறைக்குள் போகக்கூடாது, அந்த அறைச் சாமான் எதுவும் சமையலறைக்குள் வரக்கூடாது. ஒருநாள் நான் டீ தம்ளரோடு உள்ளே நுழைந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் நாள் சோதனைக்கு என்னைக் கூப்பிட்டாள். மயில்துத்தத்தைப் பழைய கரண்டியில் வைத்துச் சூடாக்கினாள். நீலம் மெதுவாக வெளுத்து, திருநீறு மாதிரி வெள்ளைப் பொடியானது. ஆறவிட்டு, சிரிஞ்சால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு விழுந்த இடம் பளிச்சென்று நீலமானது. அவள் அந்தக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஒரு நல்ல கரண்டியைக் கருக்கிட்டு அழுகை வேறயா?” என்று கேட்டுவைத்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு. பக்கத்தின் நடுவே கோடு. இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. கண்ணால் பார்க்காத ஒரு எழுத்துகூட இடப்பக்கம் போகாது. பேனாவில்தான் எழுதுவாள், அழிக்கமாட்டாள்.

மூன்றாவது மாதம் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கிவந்தாள். பாத்ரூம் கழுவ விற்பார்களே, அதே ஆசிட்தான். சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துப் பார்க்க வேண்டுமாம். மற்ற மருந்துகளோடு ஆசிட்டைச் சேர்த்து வைப்பது ஆபத்து, பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே கூடாது என்று படித்திருந்தாள். அதனால் தனியாக வைக்க இடம் தேடி, வீட்டில் பூட்டு இருக்கிற ஒரே இடம் என்று முன்னறையில் என் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவ்வளவு ஜாக்கிரதை. பூட்டில்லாத மேல்தட்டில் என் ஊசிகள், பாபின்கள், கத்தரிகள். அலமாரியை ஒட்டியே என் தையல் மெஷின்.

அடுத்த மாதம் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறவர்களுக்கு அறுபது வெள்ளைச் சட்டை தைக்கும் வேலை வந்தது. இருபதாவது சட்டையில் பழுப்பாக ஒரு புள்ளி. இருபத்தொன்றில் மூன்று. ஊசியை எடுத்துப் பார்த்தால் துரு. புது ஊசி எடுத்தேன், அதிலும் துரு. பாபின் பெட்டி, கத்தரி முனை, மெஷினின் அடிப்பகுதி எல்லாமே பழுப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மெஷினுக்குப் பத்து நாள் முன்னால்தான் ஸ்குரூ எண்ணெய் போட்டிருந்தான். ஸ்குரூ என்பது எங்கள் பக்கத்துத் தையல் மெஷின் மெக்கானிக்கின் பட்டப்பெயர். எனக்கு அவன் இருபத்திரண்டு வருஷச் சிநேகிதன். நான் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்திருந்தபோது, என் கடையில் கிடந்த துணிகளை வேறு தையற்காரரிடம் கொண்டுபோய்த் தைத்து வாங்கி, வீடு வீடாகக் கொடுத்து, ஒரு வாடிக்கைக்காரர்கூட என்னைவிட்டுப் போகாமல் காப்பாற்றியவன். அதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு எங்கே ஞாபகம் வந்தது? அவனைக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“கலப்பட எண்ணெய்ய ஊத்தி என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடா!”

“டெய்லரே, நான் எல்லாருக்கும் போடுற எண்ணெய்தான் இது. வார்த்தையை அளந்து பேசு.”

“அளக்கிறதுதான் என் தொழில்! நீ எனக்குச் சொல்லித் தராதே!”

தெருவே வேடிக்கை பார்த்தது. “இனிமே உன் வாசப்படி ஏறினா என்னை என்னன்னு கேளு” என்று சொல்லிவிட்டு ஸ்குரூ சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நான் அதோடு விட்டேனா? அக்கம்பக்கத்துத் தையற்காரர்களிடமெல்லாம் போய் அவன் எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். ஒரே வாரத்தில் மூன்று கடைகளில் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

என் வீட்டுக்காரி மெஷினுக்குப் போட்ட எண்ணெயில் மிச்சமிருந்ததையும், பிரிக்காத பாக்கெட்டிலிருந்து நான்கு ஊசிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். மறுநாள் வந்து, “இன்னும் ஒரு ஊசி குடுங்க” என்றாள். முகம் சரியில்லை. நான் பாட்டுக்கு ஊசியைக் கொடுத்துவிட்டு ஸ்குரூவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் துணி வெட்டும் மேஜையில் நான்கு ஜாம் பாட்டில்களையும் ஒரு மூடிபோட்ட டப்பாவையும் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் நோட்டு.

“முதல் பாட்டில்ல வெறும் ஊசி. பாருங்க, பளபளன்னு இருக்கு. ரெண்டாவதுல ஊசியோட ஈரப் பஞ்சு. லேசா துரு. மூணாவது ஊசிக்கு ஸ்குரூ அண்ணன் எண்ணெய் தடவினேன். ஒண்ணும் ஆகல. நாலாவதுல அந்த எண்ணெயும் ஈரப் பஞ்சும். அதுலயும் ஒண்ணும் ஆகல. எண்ணெய் நல்ல எண்ணெய்ங்க.”

“அப்ப துரு எங்கிருந்து வந்துச்சு? வானத்துலருந்தா?”

அவள் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஆசிட் பாட்டில், இறுக மூடியபடி. அதன் பக்கத்தில் ஒரு ஊசி. அந்த ஊசியை ஊசி என்றே சொல்ல முடியாது. முனைமுதல் காதுவரை செம்பழுப்பாகப் பொரிந்து கிடந்தது.

“மூடியிருந்தாலும் ஆவி கசியும்னு எனக்குத் தோணல. நாலு ஊசியோட நிறுத்திடலாம்னு ஒருநாள் முழுக்க நினைச்சேங்க. நிறுத்தியிருந்தா எண்ணெய் இல்ல, மழைக்கால ஈரம்தான்னு சொல்லி முடிச்சிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனா மூணு கடையில அண்ணனுக்கு வேலை போச்சே.” அவள் டப்பாவை மூடினாள். “உங்க மெஷினைக் கெடுத்தது நான்தான். எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில கட்டிட்டேன். பழைய சாமான்காரரை வரச்சொல்லியிருக்கேன். இனிமே வேண்டாம்.”

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போதுதான் நோட்டு கண்ணில் பட்டது. இடப்பக்கத்தில் அவள் கையெழுத்து: ‘ஐந்தாவது ஊசி. மூன்றாம் நாள் காலை முழுக்கத் துரு.’ வலப்பக்கத்தில் ஒரே வரி: ‘காரணம் நான் வைத்த பாட்டில்.’

நான் முப்பது வருஷமாகத் தைக்கிறேன். கால்சட்டை குட்டையாகிவிட்டால் என்ன சொல்வேன் தெரியுமா? “துணி சுருங்கிடுச்சு சார்.” சட்டை இறுக்கினால், “நீங்க கொஞ்சம் சதை போட்டுட்டீங்க சார்.” ஒருதடவைகூட என் கத்தரி தப்பாக வெட்டியதாக நான் ஒப்புக்கொண்டது கிடையாது. இவளோ, யாரும் கேட்காமல், யாரும் சந்தேகப்படாமல், தான் ஆசை ஆசையாகச் சேர்த்ததெல்லாம் போய்விடும் என்று தெரிந்தே, ஐந்தாவது ஊசியை வைத்துக் காத்திருந்திருக்கிறாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

ஸ்குரூ வீட்டு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். “தப்பு எங்க வீட்டுல. உன்னைப் பேசினதெல்லாம் அநியாயம். மூணு கடைக்கும் இப்பவே நானே போய்ச் சொல்றேன், நீயும் கூட வா.”

அவன் துடைப்பதை நிறுத்தவே இல்லை. “தங்கச்சி தானாவே சொல்லுச்சா?” என்று கேட்டான்.

“தானாவேதான்.”

“நீயா இருந்தா சொல்லியிருப்பியா?”

“மாட்டேன்.”

அதற்கு அவன் சிரித்துவிட்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்று கடைகளுக்கும் போனோம். மூன்றிலும் நான் பேச, அவன் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் பழைய சாமான்காரர் வண்டி. அட்டைப்பெட்டிகளில் ஒன்று தராசில் ஏறியிருந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். உள்ளே சோதனைக் குழாய்கள் கலகலவென்றன.

“வீட்டம்மாதானே சார் எடுத்துக்கச் சொன்னாங்க?” என்றார் அவர்.

“சொல்லுவாங்க. குடுக்கிறதா இல்ல. வேணும்னா என் இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டுப் போங்க!”

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் ஸ்குரூவும் ஆளுக்கொரு பெட்டியாகப் பின்னறைக்குக் கொண்டுபோனோம். வாசற்படியில் நின்றிருந்தவள் எங்களையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அண்ணா, என்னை மன்னிச்சிடுங்க” என்றாள் ஸ்குரூவிடம்.

“நீ எதுக்குத் தங்கச்சி? உன் வீட்டுக்காரன் மன்னிப்பு கேட்டுட்டான். அதைக் காதால கேக்கிறதுக்கு நான் இன்னும் நாலு தடவை திட்டு வாங்குவேன்.” ஜாம் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தவன், “என் எண்ணெய் நல்ல எண்ணெய்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன். கடைகடையா காட்டுறேன்” என்றான்.

அவள் யோசித்தாள். “ஒரு தடவைதானே அண்ணா பாத்திருக்கேன். இன்னும் ரெண்டு தடவை பாத்துட்டுத் தரேன்.”

ஸ்குரூ தலையில் அடித்துக்கொண்டான்.

ஆசிட் பாட்டிலை அன்றைக்கே மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஒரு வாளிக்குள் சோடா உப்பைக் கொட்டி அதன்மேல் வைத்து, மூடிக் கட்டிவிட்டாள். மெஷினை ஸ்குரூ கழற்றிக் கொடுக்க, துருவை அவள் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்து எடுத்தாள். சட்டையில் விழுந்த கறையும் அதே கரைசலில்தான் போனது. ஒரே ஒரு சட்டையில் மட்டும் போகவில்லை. அதைத் தனியாக எடுத்துவைத்து, மறுநாள் புதிதாக ஒன்று தைத்தேன். அன்று சாயங்காலமே மெஷின் பழையபடி ஓடியது. ஸ்குரூ போனபிறகு அவள் மேஜையில் சிதறிக்கிடந்த நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மறுபடியும் ஏதாவது கெட்டுப்போச்சுன்னா?” என்று கேட்டாள், நிமிர்ந்து பார்க்காமல்.

“கெட்டா மறுபடியும் பாட்டில் வை. எத்தனை ஊசி வேணுமோ நான் தரேன்.”

நன்றி என்ற சொல்லை வீட்டுக்குள் சொல்லிப் பழகியவன் இல்லை நான். அது கடைக்கு வந்துபோகிறவர்களுக்குச் சொல்வது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவளிடம் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. நாக்கு புரளவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ரொம்ப நன்றிம்மா” என்றேன்.

அவள் நூலைக் கீழே போட்டுவிட்டு வேகமாக வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“என்னங்க, உடம்புக்கு என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணல. நல்லாத்தான் இருக்கேன்” என்றேன். அந்தக் கையை எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.