இயந்திரம் இறங்கிய மூலை

என் தங்கை பேச்சித்தாய் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கூலிக்கு இறங்கிய வயலிலேயே இருபது சென்ட் நஞ்சை. தரகர் கைக்குப் போகவிருந்த ஓர் எருமைக் கிடேரி. இன்று அதன் வழியில் தொழுவத்தில் மூன்று உருப்படி. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக, மாதக் கடைசியிலும் உலை ஏறும் அடுப்பு. இவற்றில் ஒன்றும் யாரும் கொடுத்ததல்ல.

ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால் பாசனத்தில் எங்கள் ஊர். 2014-இல் அவள் கணவர் வாழைத்தார் சுமக்கையில் வரப்பில் வழுக்கி விழுந்தார், முதுகெலும்பில் அடி. அதற்குப் பின் அவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் இவள் உழைப்பில்தான் சாப்பிட்டார்கள். கார், பிசானம் இரண்டு பருவத்திலும் கதிர் அறுத்து, கூலியாக ஐந்து மூட்டை நெல் வாங்குவாள். அது இருந்தவரை கவலையில்லை.

2017-இல் அறுவடை இயந்திரம் வந்தது. கூலி நெல் நின்றது. ரேஷன் அரிசி இருபது கிலோ, மாதம் பதினெட்டாம் தேதியோடு தீரும். மீதி நாளுக்காக, வீட்டில் இருந்த ஒரே எருமை ஈன்ற கன்றை விற்றாள். இப்படி இரண்டு கிடேரிகள் பால் கறக்கும் வயதுக்கு முன்பே போயின. தாய் எருமைக்கும் வயதாகிவிட்டது. மூன்றாவது கிடேரியும் போனால் அந்த வீட்டில் இனிப் பால் கிடையாது. அதை ஓட்டிப்போகத் தரகர் வன்னியராஜ் 2019 மார்ச் 9, சனிக்கிழமை வருவதாக இருந்தார்.

அதே வாரத் திங்கட்கிழமை அருணாசலம் அண்ணாச்சி வயலில் பிசான அறுவடை. பேச்சித்தாய் சிந்திய கதிர் பொறுக்கப் போயிருந்தாள். இயந்திரம் மேற்கு மூலைக்குத் திரும்பியதும் ஓடிப்போய்க் குறுக்கே கையை விரித்து, வரப்பில் நின்ற அண்ணாச்சியிடம் கத்தினாள்.

“அங்கன விடாதிய அண்ணாச்சி! உளைச் சேறு. நடுகையில எனக்கே முட்டளவு இறங்கும்.”

“ஏளா, மெசினுக்கே வழி சொல்லுதியா? தள்ளி நில்லு.”

“தள்ளித்தான் நிக்கேன். அது திரும்பி வராது, பாத்துக்கிடுங்க.”

சங்கிலிச் சக்கரம் மறையும் வரை இறங்கியது. டிராக்டர் கட்டி இழுத்தும் அசையவில்லை. மேற்கே மேகம் கறுத்தது. அன்று சாயங்காலமே அண்ணாச்சி அவள் வாசலுக்கு வந்தார்.

“மூலைய ஆள வச்சு அறுத்துக் குடுத்துரு. கூலி கையோட தாரேன்.”

“காசு வேண்டாம் அண்ணாச்சி, நெல்லாத் தாங்க. காசு வழியிலயே நாலு கைக்குப் போயிரும். நெல்லு நேரா குலுக்கைக்கு வரும்.”

“இன்னும் அந்தக் காலத்துலயே நிக்கே நீ.”

“நான் அந்தக் காலத்துல நிக்கேன், உங்க மெசினு உளையில நிக்கி. யாரு முதல்ல வெளிய வாரோம்னு பாப்போம்.”

அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அடுத்ததைக் கேட்டாள்.

“மெசினு இனி அங்கன வராதுல்லா? அந்த மூலைய எனக்குப் பாட்டத்துக்கு விடுங்க. வெளஞ்சதுல பாதி அளக்கேன்.”

“உளைய வச்சு என்ன செய்யப்போற?”

“அதுக்குத் தண்ணி பாய்ச்சுத வேல மிச்சம்.”

மறுநாள் இயந்திரத்தை எப்படியோ வெளியே இழுத்தும், பயந்துபோன ஓட்டுநர் மற்ற வயல்களின் ஈர மூலைகளிலும் இறங்க மறுத்தார். பேச்சித்தாயும் மூன்று பெண்களும் நான்கு நாள் அறுத்தார்கள். வெள்ளிக்கிழமை அவள் பங்கு இரண்டு மூட்டை நெல் குலுக்கை என்கிற வீட்டுக் குதிரில் விழுந்தது.

மறுநாள் தரகர் வந்து கயிற்றில் கை வைத்தார்.

“கிடேரியக் குடுக்கல வே. வீட்டுல நெல்லு கெடக்கு.”

“போன வருசம் நீங்கதான என்னத் தேடி வந்திய?”

“அது நெல்லு இல்லாத பேச்சித்தாய். இவ வேற.”

மூலையில் பாட்டம் போக மிஞ்சிய நெல் வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. கிடேரி 2021-இல் ஈன்றது. சாப்பாட்டுக்கென்று பால் காசைத் தொடும் தேவையே வராததால், அதை அப்படியே ஏலச்சீட்டில் போட்டு வந்தாள். அண்ணாச்சி நிலத்தை விற்க முடிவெடுத்தபோது, அந்தச் சீட்டுப் பணத்தோடு முதல் ஆளாகப் போய் மேற்கு மூலை இருபது சென்டை விலைக்குக் கேட்டாள்.

பத்திர எழுத்தர், “கைநாட்டுதான?” என்று மைப்பெட்டியைத் திறந்தார்.

“கையெழுத்தும் உண்டு சார்” என்றாள்.

பால் சொசைட்டிச் சீட்டுகளின் பின்பக்கத்தில், மகள் பொன்செல்வி பக்கத்தில் இருக்க, நான்கு மாதம் எழுதிப் பழகியிருந்தாள். பேச்சித்தாய் என்று ஆறு எழுத்தையும் நிதானமாக எழுதினாள். ஒன்றுகூடக் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அன்று 2024 ஆகஸ்ட் 28, ஆவணி 12, புதன்கிழமை.