கல் மேடமும் இரவல் வகுப்பும்

மூன்று மாடி, ஒரு பின்படிக்கட்டு, அடிக்கடி பெயின்ட் அடிக்கப்படும் ஒரு பெயர்ப்பலகை. முன்பு ஜவுளிக் கிடங்காக இருந்த கட்டடம்தான் இப்போது பல்கலைக்கழகம். மேல்மாடி முழுக்க வணிகவியல். தரைத்தளத்தில், பின்முற்றத்தைப் பார்த்த அறையில் நிலவியல் துறை. துறை என்றால் ஓர் ஆசிரியை, அலமாரி நிறையக் கற்கள், ஒரே ஒரு மாணவி. ஆசிரியைக்குக் கல் மேடம் என்று பெயர் விழுந்து வெகுகாலமாகிவிட்டது.

சின்ன இடத்தில் ஆளுக்கு நாலு வேலை. பாறைகளைப் பற்றிப் பாடம் எடுத்த நேரம் போக, கல் மேடம் நூலகத்தைப் பூட்டுவார், தேர்வு அறையில் காவல் நிற்பார், பட்டமளிப்பு விழாவில் வரிசையாக வந்து நிற்பவர்களுக்கு அங்கி மாட்டிவிடுவார். முணுமுணுக்காமல் செய்தார் என்றால் அது பொய். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். அவருக்குக் கடைசிவரை பழகாமல் போனது காலி பெஞ்சுகள் மட்டும்தான். ஒரே மாணவிக்கு எதிரே உட்கார்ந்து பேசும்போது, டாக்டர் நோயாளியிடம் பேசுவது போல அவருடைய குரல் தானாக இறங்கிவிடும்.

வணிகவியல் துறைத்தலைவி அவருடைய நாத்தனார், கணவரின் கூடப்பிறந்த தங்கை. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமல் இருப்பதையே சில நாள் குத்தலாக எடுத்துக்கொள்வார் கல் மேடம். உறவு என்றால் அப்படித்தான்.

அந்த வருடம் ஆய்வுக்குழு வருவதாகத் தகவல் வந்தது. ஆளில்லாத துறைகளைக் குழு இழுத்து மூடச் சொல்லும் என்று பதிவாளர் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டு, கல் மேடத்தைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்தார். துறை மூடினால் கல் மேடத்துக்கு வேலை போகும். இறுதியாண்டில் இருந்த அந்த ஒரே மாணவியின் பட்டம் அந்தரத்தில் தொங்கும்.

அன்று சாயங்காலம் நாத்தனார் கீழே இறங்கி வந்தாள்.

"அண்ணி, என் பசங்கள உங்க வகுப்புல உட்கார வைக்கிறேன். காலையில குழு முதல்ல உங்க ரூமுக்குத்தான் வருது. பார்த்துட்டு டீ குடிக்கப் போவாங்க. அந்தக் கேப்புல பசங்க பின்படிக்கட்டு வழியா மேல ஓடி வந்துடுவாங்க."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்ட மாட்டோம். இங்க எல்லாமே இப்படித்தான ஓடுது? போன தடவை கம்ப்யூட்டரே மாடி மாடியா ஏறி இறங்கிச்சு, யாரு கண்டுபிடிச்சா? நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. ஒரு கல்லைத் தூக்கிக் காட்டுங்க, மூணு வாக்கியம் பேசுங்க, முடிச்சிடுங்க. பாடம் கீடம் எடுத்துடாதீங்க."

கல் மேடம் சரி என்றார். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் அறை நிரம்பி வழிந்தது. வணிகவியல் பிள்ளைகள் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். நிஜ மாணவி தன் வழக்கமான இடம் பறிபோய், ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தாள். குழுவில் மூன்று பேர். பின்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்தார்கள். கல் மேடம் ஒரு நுரைக்கல்லை எடுத்தார். எரிமலையில் பிறந்தது என்று ஒரு வாக்கியம் சொன்னார். முன்வரிசைப் பையனிடம் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை.

"மேடம், என்ன இது, வெயிட்டே இல்ல! நிஜமா கல்லுதானா?"

இரண்டாவது வாக்கியத்துக்குப் பதிலாக, கல் மேடம் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டார். மிதந்தது. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள். ஏன் மிதக்குது, எவ்வளவு நேரம் மிதக்கும், இதில் வீடு கட்டலாமா என்று கேள்வி மேல் கேள்வி. குழுவில் இருந்த நரைத்த தாடிக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். வகுப்பு என்பது இதுதான் என்று கல் மேடத்துக்கு உடம்பெல்லாம் சூடேறியது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே நாத்தனார் தெரிந்தாள். பின்முற்றத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். முடியுங்கள், அனுப்புங்கள். கல் மேடம் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரும்பலகையில் ஓர் எரிமலையை வரையத் தொடங்கினார்.

குழுவில் மற்ற இருவருக்கும் கல்லில் அவ்வளவு ருசி இல்லை. தாடிக்காரரை விட்டுவிட்டு, டீயையும் விட்டுவிட்டு, முன்படிக்கட்டில் ஏறி வணிகவியலுக்குப் போனார்கள். அங்கே ஃபேன்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. மாணவர் இல்லை. துறைத்தலைவியும் இல்லை. அவள்தான் கீழே நின்று கையாட்டிக்கொண்டிருந்தாளே.

அறிக்கை வந்தது. நிலவியல் துறையை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தது. வணிகவியலைப் பற்றிப் படித்துவிட்டுத் தாளாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பல்கலைக்கழகத்துக்கே சோறு போடும் துறையை மூட முடியாது. யார் தலையையாவது உருட்டியாக வேண்டும். நாத்தனாரின் பதவி பறிபோனது. புகழ் வந்துவிட்டதால் நிலவியலுக்கு முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் தலைவராக வேண்டியிருந்தது. கல் மேடத்திடம் முனைவர் பட்டம் இல்லை. நாத்தனாரிடம் இருந்தது, கடைகளில் சரக்கு அடுக்கும் முறை பற்றிய ஆய்வுக்கு. ஆக, அவளையே கீழே அனுப்பினார்கள். அந்த இடத்தில் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

இடைப்பட்ட நாட்களில் அவள் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. வேலை ஜாஸ்தி என்று அண்ணனிடம் போனில் சொன்னாளாம்.  கல் மேடத்துக்கு மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. கேட்டால், தெரிந்தே செய்ததாகிவிடும்.

பொறுப்பேற்ற முதல்நாள் அவள் வந்தபோது கல் மேடம் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் அலமாரிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"பெருசெல்லாம் கீழ, சிறுசெல்லாம் மேல வச்சா பார்வையா இருக்கும்."

"கல்லை அப்படி அடுக்க மாட்டாங்கம்மா."

"சரி, உங்க இஷ்டம்."

நிஜ மாணவி உள்ளே வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல் மேடம் துணியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு ஜன்னல்ல..."

"நீங்க என்னைப் பார்த்தீங்க அண்ணி. எனக்குத் தெரியும்." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "அண்ணன்கிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். அந்த மூணாவது வாக்கியம் என்ன, அதை இப்ப சொல்லுங்க."

கல் மேடம் நுரைக்கல்லை எடுத்தார். எதிரே இரண்டு பேர்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கினார்; குரல் வழக்கம்போலத் தானாக இறங்கிவிட்டது.