வாழைக்கு இட்ட உப்பு

காசிமேட்டில் அருள்பிரகாசம் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கருவாட்டு அருளு என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து அழைத்துப் போய் வாசலிலேயே விட்டுவிடுவார்கள். அப்பன் காலத்துத் தொழில். தொட்டியில் உப்புப் போட்டு, பாயில் காயவைத்து, மூட்டை கட்டி லாரி ஏற்றி, அதிலேயே ஒரு பெண்ணை வளர்த்துப் படிக்கவைத்துக் கட்டியும் கொடுத்தார்.

அந்தக் கல்யாணத்தில்தான் வினை. மாப்பிள்ளை நோயல் ராயபுரத்துப் பையன், ரயில்வே உத்தியோகம். விருந்தில் அருள் புதுச்சட்டையும் சென்ட்டுமாகச் சம்பந்தி வீட்டார் வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த நோயலின் சித்தப்பா எழுந்தார், நாற்காலியைத் தள்ளிப் போட்டார், கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார். அவ்வளவுதான். அருள் பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிய உள்ளங்கையை மோந்து மோந்து பார்த்தார். சோப்பு வாசனைக்கு அடியில் கருவாட்டு வாடை இருக்கத்தான் இருந்தது.

தொட்டியையும் கொட்டகையையும் மைத்துனன் தேவகிருபை தலையில் கட்டிவிட்டு, மாத்தூர்ப் பக்கம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். வாழை போடப் போகிறேன் என்றதும் காசிமேடே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"இன்னாத்துக்கு மச்சான் உனுக்கு இந்த வேல? மீனத் தவுர வேற எத்தனா தெரியுமா உனுக்கு?" என்றான் தேவகிருபை.

வாழை நாறாது, அதுதான் காரணம். கோயில் வாசலிலும் நிற்கும், மாதா கோயில் திருவிழாப் பந்தலிலும் நிற்கும், யார் வீட்டுப் பந்தியானாலும் முதலில் விரிவது அதன் இலைதான். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால், "இலைக்கு நல்ல கிராக்கி கீது" என்று மட்டும் சொன்னார்.

நிலத்துக்கு ஒரு பக்கம் சாயக் கம்பெனியின் மதில். மறுபக்கம் கெங்கம்மாவின் கீரைப்பாத்தி. புருஷன் போனபிறகு அந்தப் பாத்திதான் அவளுக்குச் சோறு. இரண்டு நிலத்துக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார். கருவாட்டுக்காரர் மண்வெட்டி பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்து முதல் நாளே அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் குழி வெட்டும்போது கூட நின்றாள், பூவன் கன்று வந்து இறங்கியபோது தூக்கிக் கொடுத்தாள், மோட்டார் முறையில் அவருக்கு முதல் தண்ணீர் விட்டாள். பதிலுக்கு அவர் நல்ல மீன் கிடைத்தால் கொண்டுவந்து கொடுப்பார். அண்ணாத்த என்று அவள் கூப்பிட்டதும், அவருக்கு அங்கே ஒரு வீடு கிடைத்த மாதிரி இருந்தது.

அந்த வருஷம் வாழை கேட்டதற்கு மேலேயே வளர்ந்தது. அருள் பக்கக்கன்றை அறுத்தார், மண் அணைத்தார், நுனி இலையாகப் பார்த்து முதல் கட்டு அறுத்துச் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போனார். அதே சித்தப்பா வாசலுக்கு வந்து, "வாங்க தோட்டக்காரரே" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடமிருந்தும் அருள் உட்காரவில்லை. நெஞ்சு நிமிர்ந்துகொண்டு உட்கார விடவில்லை.

மனுஷனுக்கு ஆசை அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தார் தள்ளினால் ஊரே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வாழைக்கு மீன் கழிவு நல்ல உரம் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் சொன்னது பச்சை மீன் கழிவை, அதையும் பக்குவமாக மட்க வைத்து. அருளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது தேவகிருபையின் கொட்டகை. தொட்டிக்கடியில் தங்கும் தலை, குடல், செதில், அதோடு கலந்த உப்புத்தண்ணீர் எல்லாவற்றையும் பீப்பாய் பீப்பாயாகக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வாழைகளின் அடிக்கெல்லாம் ஊற்றினார். மிச்சத்தை ஊறப்போடக் கிணற்றடியிலேயே பெரிய குழி வெட்டினார்.

அவர் மனைவி ஹில்டா ஒரு தடவை கேட்டாள். "அது உப்புத்தண்ணியாச்சே. செடிக்கு ஆவுமா?"

"உப்பு எத்தக் கெடுத்துக் கீது சொல்லு? கெட்டுப் போவாம நிறுத்தி வெக்கிறதே அதுதான்" என்றார் அருள். மூன்று தலைமுறை உப்பைத் தின்ற வீட்டில் அதற்கு மறுபேச்சு ஏது?

கெங்கம்மாவுக்கு நாற்றம்தான் பிரச்சினை. "கொடலப் பொரட்டுது அண்ணாத்த. நான் சோறு துன்றதா வேணாமா?" என்பாள். "கொஞ்ச நாளு பொறுத்துக்கோ" என்பார் இவர். அவளும் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு பாத்தியில் குனிவாள்.

மழை பெய்து குழி நிரம்பியது. கொஞ்ச நாளில் வாழை இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகத் தொடங்கியது. கருகல் உள்ளே ஏறியது. பிறகு கீரை மஞ்சளாகிப் படுத்தது. கெங்கம்மா மறுபடி விதைத்தாள். முளைத்தது, படுத்தது.

இருவரும் ஒரே நேரத்தில் மதிலைத்தான் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வது? மதிலுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் ஒரு நாள் சிவப்புத் தண்ணீர், ஒரு நாள் நீலம். ஆலைகள் நிறைந்த மணலியைச் சுற்றி இருக்கிற ஜனங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அருள்தான் வீடு வீடாகப் போனார். "இன்னிக்கு என் வாழ, நாளைக்கு உன் புள்ள" என்று பேசினார். நன்றாகவே பேசினார். கம்பெனி வாசலில் கூடுவதென்று முடிவாயிற்று.

கூடும் நாள் காலையில், சாட்சிக்காக ஒரு வாழையை வேரோடு பிடுங்கினார். அதன் அடியைச் சுற்றி மண்ணில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. சாய மருந்து என்று நினைத்து விரலில் தொட்டார். நாக்கில் வைத்தார்.

சிறு வயதிலிருந்து விரலை விட்டு நக்கிப் பார்த்த உப்பு. கருவாட்டுத் தொட்டி உப்பு. அதன் கைப்பும் அதற்குப் பின்னால் வரும் மீன் வாடையும் அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கிணற்றுக்குப் போனார். ஒரு கை அள்ளிக் குடித்தார். அங்கேயும் அதே ருசி. குடித்த வாயோடு அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வேலிக்கு வெளியே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், டிவிக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். கருவாட்டுக்காரன் புத்தி கருவாட்டோட போச்சு என்று இந்த ஊர் சிரிக்கும், காசிமேடு சிரிக்கும், ராயபுரத்தில் நாற்காலி மறுபடி நகரும். எழுந்து, அந்த வாழையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார். வெட்கங்கெட்ட நடை அது.

வாசலில் கெங்கம்மா முன்னால் போய் நின்றாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். "என் வயித்துல அடிச்சவன் வூடு வெளங்காது. அவன் வம்சத்துல புல்லு பூண்டு மொளைக்காது" என்று மண்ணைத் தூற்றினாள். காற்று எதிர்க்காற்று. மண்ணில் பாதி பக்கத்தில் நின்ற அருளின் தலையிலும் தோளிலும் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள், தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், முடிவு தெரியும்வரை கம்பெனியை மூடச் சொன்னார்கள். ஊர் அருளின் கையைக் குலுக்கியது.

அவர் முதலில் செய்த வேலை குழியைத் தூர்த்ததுதான். "நாத்தம் அடிக்குதுன்னு சொன்னல்ல, அதான்" என்றார் கெங்கம்மாவிடம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதே என்றார். "வேற எத்த ஊத்துவேன்?" என்றாள். சொந்தச் செலவில் அவளுக்கு லாரித் தண்ணீர் இறக்கினார். "கூடப் பொறந்தவன்கூட இப்டி செய்ய மாட்டான் அண்ணாத்த" என்றாள் அவள். அன்று முழுக்க அவரால் அவள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

இது போதாதென்று அவளே ஒருத்தியை அழைத்து வந்தாள். ரமாபாய், வியாசர்பாடிக்காரி, அந்தக் கம்பெனியில் துணி மடிக்கிறவள். "கம்பெனி மூடினதுல இவ வூட்ல அடுப்பு எரியல அண்ணாத்த. களையெடுக்க வெச்சிக்கோ" என்றாள். கருகிய வாழைகளைத் தோண்டி எடுக்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. தம் கைவரிசையை அவள் கையால் அள்ளிப் போட வைத்தார் அருள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள், "உங்க மேல கோவம் இல்ல நைனா. பயிரு போனா யாருக்குத்தான் வயிறு எரியாது" என்றாள். அவர் தூக்குச் சட்டியை மூடிவிட்டு எழுந்து போனார்.

மாதா கோயிலில், பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலிட்டார். பங்குச் சாமியார் மறுபக்கம் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். கோபப்பட்டேன் என்றார், பொய் சொன்னேன் என்றார், பூசைக்கு வரவில்லை என்றார். 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார் சாமியார். சாமியாரையே ஏய்த்தாகிவிட்டது. வெளியே வந்தபோது, உள்ளே போனதைவிட அசிங்கமாக இருந்தது.

மகள் கிறிஸ்டினா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். செய்தி கேட்டதும் கெங்கம்மா எங்கெங்கோ அலைந்து முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு வந்தாள். "பொண்ணுக்கு ரத்தம் ஊறணும், நெய் வுட்டு வதக்கிக் குடு" என்றாள். வதக்கிய கீரையை மகள் பிசைந்து தின்பதை அருள் பார்த்துக்கொண்டிருந்தார். வம்சத்தில் புல் பூண்டு முளைக்காது என்ற குரல் காதில் கேட்டது. கிறிஸ்தவ வேதக்காரனுக்கு ஏது இந்தப் பயம் என்று தம்மையே அதட்டிப் பார்த்தார். பயம் அதட்டலுக்குப் பணியவில்லை.

பிறகு ஒரு காலையில் கெங்கம்மா விடுவிடுவென்று வாழைக்குள் வந்தாள். ரமாபாய் அங்கே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள்.

"கம்பெனியத் தொறக்கப் போறாங்களாம் அண்ணாத்த. கெளம்பு. இந்த வாட்டி அந்தக் கேட்டாண்ட கீற மண்ணு இல்ல, பயிரு கருவுன மண்ணையே எடுத்துகினு போய்த் தூத்துறேன்" என்றபடி ஒரு வாழையின் அடியிலிருந்து கைநிறைய அள்ளினாள்.

"வேணாம் கெங்கம்மா" என்றார் அருள். "போன வாட்டி நீ தூத்தினதே என் மேலதான் வுழுந்துகினு கீது."

அவளுக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். தொட்டி, பீப்பாய், குழி, கிணறு, நாக்கில் வைத்துப் பார்த்தது, பார்த்தும் கூட வந்து நின்றது எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தார். கெங்கம்மா திட்ட ஆரம்பித்தால் மாத்தூரே காதைப் பொத்தும். அந்தத் திட்டுக்காக அவர் ஏங்கினார் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் திட்டவில்லை. கையிலிருந்த மண்ணைப் பார்த்தாள்.

"கிறிஸ்டினாவுக்கு இன்னும் எத்தினி நாளு கீது?" என்றாள்.

"அடுத்த மாசம்."

"அய்யோ, வம்சத்தையும் சேத்துல்ல சொல்லிட்டேன்" என்றாள் கெங்கம்மா. குனிந்து அந்த மண்ணை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தாள். ஒரு பொட்டு சிதறாமல் வைத்தாள். கீரை போனதற்கு அழாதவள் அதற்கு அழுதாள். அருளுக்குப் பூமி பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது.

ரமாபாய்தான் நிமிர்ந்தாள். கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தாள். "நான் வேல செஞ்ச எடம் நைனா அது. அங்க இன்னா நடக்குதுன்னு எனுக்குத் தெரியும். நாளைக்கு அவன் நெசமாவே வெசத்த வுட்டா, நம்ம பேச்ச இனிமே எவன் கேப்பான்?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

கெங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வா. எங்க நின்னு சொன்னனோ அங்கியே நின்னு நான் அந்தச் சாபத்தத் திருப்பி எடுக்கணும். நீ வந்து சொன்னாத்தான் எடுக்க முடியும்" என்றாள்.

கம்பெனி வாசலில், இன்றாவது திறப்பார்களா என்று பார்க்க வந்த பெண்கள் டிபன் பாக்ஸோடு நின்றிருந்தார்கள். போராட்டக்காரர் வருகிறார் என்று பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள். கெங்கம்மா அவர் பக்கத்தில் நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு. அருள் வாயைத் திறந்தார். கம்பெனி மேல் தப்பில்லை, கிணற்றில் உப்பைக் கலந்தது தாம்தான் என்று சொன்னார். சொன்னது அவர் காதுக்கே சரியாக எட்டவில்லை.

"கேக்கல நைனா" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "இன்னா சொன்ன? சத்தமா சொல்லு."

எல்லாரும் கிட்டே வந்தார்கள். அருள் தலையை நிமிர்த்தி, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.