பஸ்ஸுக்குள் இழுத்த ஒற்றை ஒயர்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்தேன். எண்பதுகள் பிறக்கும்போது சொந்தமாக ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்துவிட்டேன். ஹெட்லைட் எரியவில்லை, ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை என்று எந்த லாரி வந்தாலும், நாலு கடை ஏறி இறங்கிவிட்டு ஐந்தாவதாக என்னிடம் வந்தால் அரைமணியில் கிளம்பிவிடும். டிப்ளமோ முடித்த பையன்கள் என் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் இன்றைக்கும் யாரிடமும் சொல்வேன். இனி எழுதப்போவதை மட்டும் இத்தனை வருஷமாக வெளியில் சொன்னதில்லை.

என் தங்கையும் அவள் கணவரும் அப்போது சேக்காட்டில் குடக்கூலிக்கு இருந்தார்கள். மாப்பிள்ளை லாரி டிரைவர். நூம்பலில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தார், கட்டடம் எழுப்ப வழியில்லை. குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், ஏலத்தில் ஒரு பழைய பஸ்ஸை எடுத்து, கயிறு கட்டி இழுத்துவந்து அந்த நிலத்தில் நிறுத்திவிட்டார்.

"எஞ்சின்தான் இல்ல மச்சான். ஊடா மாத்திக்கினா யாருக்கும் வாடகை கிடையாது" என்றார்.

"இன்னா மாப்ள, பொண்டாட்டிக்கு டிக்கெட் கிழிக்கப் போறியா?" என்றேன்.

உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "அவரு டிரைவரு, நான் கண்டக்டரு. நீ வந்தா ஃபுட்போர்டுதான்ணா!"

சீட்டையெல்லாம் பிடுங்கி, பின்பக்கம் கட்டில், நடுவில் அலமாரி, டிரைவர் இருந்த இடத்தில் அடுப்பு என்று ஆக்கியிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதம். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணா, புள்ள பொறக்கறதுக்குள்ள உள்ள ஒரு ஃபேன் சுத்தணும். தகரம் கொதிக்குது. எனக்கு வேர்த்தாப் பரவால்ல, அதுக்கு வேர்க்கக் கூடாது."

"ஃபேன் என்னா, உன் பஸ்ஸைக் கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கிடறேன்" என்றேன்.

பக்கத்து நிலத்துக்கார அம்மா நல்ல மனசுக்காரி. பரம்பரையாக அங்கே பயிர் செய்யும் குடும்பம். தன் வீட்டு வாசலில் இருந்த டூ பின் பிளக் பாயிண்டிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சவுக்குக் கம்பு நட்டு அங்கிருந்து பஸ் வரைக்கும் இரண்டு ஒயர் இழுத்தேன். பஸ்ஸுக்குள் வந்ததும் என் தொழில் புத்தி வேலை செய்தது. லாரியில் ஒரு பல்புக்கு ஒரு ஒயர்தான் போகும். போன கரண்ட் திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பே வழி. அதைப் பாடி எர்த் என்போம். பஸ்ஸும் வண்டிதானே? கரண்ட் திரும்புகிற ஒயரை பாடியில் போல்ட் போட்டு முறுக்கினேன். கரண்ட் வருகிற இன்னொன்றை மட்டும் கூரையோடு கொண்டுபோனேன். பழைய பஸ் லைட் இருந்த இடமெல்லாம் வீட்டு பல்பு, கட்டிலுக்கு மேலே அவள் கேட்ட ஃபேன். கண்டக்டர் இழுக்கும் மணியைக்கூட அழைப்பு மணியாக மாற்றினேன். ஒரே நாளில் முடித்தேன். தெருவே வந்து பார்த்தது.

பார்த்தவர்களில் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தார், அங்கேயே ஒயர்மேன் வேலை. பாடியில் முறுக்கியிருந்த போல்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணாச்சி, லாரியில ஓடுதது பேட்டரி கரண்டு. இது வீட்டு கரண்டுல்லா? உள்ளேயும் ரெண்டு ஒயரா இழுத்துருங்க. மண்ணுல ஒரு எர்த்தும் போட்டுருங்க."

எனக்குச் சுருக்கென்றது. கூட்டத்துக்கு முன்னால் டெஸ்டரை எடுத்து பஸ்ஸின் தகரத்தில் வைத்தேன். எரியவில்லை. ஒரு குடம் தண்ணீரைக் காலடியில் ஊற்றி, அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நின்று, ஏறும் வழியில் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்தேன்.

"பாரு மாமே, புடிச்சுகினு நிக்கிறேன். எங்கப்பா உன் ஷாக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இப்ப ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி. பிளக்கை யாராவது திருப்பிச் சொருகிட்டா?"

"எவன் திருப்பப் போறான்?" என்றேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பெரிய இடி. பக்கத்து நிலத்து அம்மா பயந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறார். மழை விட்டதும் மறக்காமல் திரும்பச் சொருகியிருக்கிறார். பின் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்? தங்கை நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து, தண்ணீரில் ஒரு கால் இருக்கக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கிறாள்.

கடைக்குப் பக்கத்து டீக்கடைக்கு போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது குழந்தை போய்விட்டிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"படியில வழுக்கிடுச்சுண்ணா" என்றாள்.

மாப்பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அங்கே நிற்காமல் நேராக நூம்பலுக்குப் போனேன். டெஸ்டரைக் கைப்பிடிக் கம்பியில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது. ஜன்னல் கம்பியில் வைத்தேன், எரிந்தது. முன்பக்கம், பின்பக்கம், எங்கே வைத்தாலும் எரிந்தது. பிளக் திரும்பிவிட்டதால், பாடியில் முறுக்கியிருந்த ஒயரிலேயே கரண்ட் வந்து, பஸ் முழுக்கக் கரண்ட். டயர் ரப்பர், அதனால் மண்ணில் இறங்க வழியில்லாமல் தகரத்திலேயே நின்றிருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மண்ணில் கால் வைத்துத் தொடுபவர்தான் வழி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாப்பிள்ளை வருவதற்குள் அத்தனை ஒயரையும் கழற்றினேன். புதிதாக இரண்டு ஒயராக இழுத்தேன், எர்த் அடித்தேன். "மழைக்கு ஒயர் நனஞ்சுடுச்சு மாப்ள, மாத்திட்டேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கையை நான் உதறவில்லை.

தங்கை திரும்பி வந்த பிறகு சுவிட்சைத் தொடவே இல்லை. மண்ணெண்ணெய் விளக்குதான். பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடிக்க மாட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்துப் படியில் குதிப்பாள். "இன்னாடி, தவளையாட்டம் தாவுற?" என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். நான் ஒரு தடவை அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். அவளுக்கு மறுபடி குழந்தை தங்கவில்லை.

தொண்ணூறுகளில் அதே நிலத்தில் இரண்டு அறை வீடு எழும்பியது. பஸ்ஸை உடைத்து எடுத்துப்போன மறுநாள் நான் போனேன். அவள் மட்டும் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு மழையில... நீ வழுக்கி விழல" என்றேன்.

"தெரியும்ணா. கம்பி என்னைப் புடிச்சுகினு வுடவே இல்ல. கால் வழுக்கினதாலதான் கை வுட்டுச்சு."

"அப்ப ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?"

"அவரு உன்னை வெட்டிப் போட்டிருப்பாரு. எஸ்டேட்ல தெரிஞ்சா எவன் உன்கிட்ட வண்டி வுடுவான்? புள்ளதான் போச்சு. நீயும் போவணுமா?" தண்ணீர் அடிப்பதை நிறுத்தினாள். "ஒண்ணே ஒண்ணுதான்ணா. ஆஸ்பத்திரியில நீயா சொல்லுவேன்னு உன் வாயையே பாத்துகினு இருந்தேன்."

பேச்சில் என்னை ஜெயிக்க அம்பத்தூரில் ஆளில்லை. அன்றைக்கு நனைந்த சுவரைத்தான் தடவிப் பார்த்தேன்.

"இந்த ஊட்டுக்கு நான் ஒயரிங் பண்ணித் தரேம்மா. சரியாப் பண்றேன்" என்றேன்.

"வேணாம்ணா. ஆளுக்குச் சொல்லியாச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. நிழலில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஒயரிங்காரர் வந்து சுவரில் கோடு போட ஆரம்பித்தார். அவள் அவர் பின்னாலேயே போய், ஒவ்வொரு சுவரிலும் எது எங்கே போகிறது, எது எங்கே திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சாயங்காலம் வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.