மணப்பெண்ணுக்கு வார்த்த சவர்க்காரம்

சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தால் இது என்ன காலம் என்பதை மூக்கே சொல்லிவிடும். கச்சான் காற்று வீசும்போது வெட்டிவேரும் எலுமிச்சையும். நோன்பு நெருங்கினால் ஊத் அத்தரும் சந்தனமும். மாரி பிடித்துவிட்டால் கராம்பும் கறுவாப்பட்டையும். எல்லாம் சுபைறா சாச்சியின் பின்னறையிலிருந்து வருபவை. கணவர் கட்டாரில் இருக்க, சாச்சி வீட்டிலேயே குளியல் சவர்க்காரமும் மெழுகுதிரியும் வார்த்து விற்கிறார். வாசனை எண்ணெய் கொழும்பிலிருந்து வரும். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், அதுவும் இரசாயனவியலில். கோஸ்டிக் சோடாவின் அளவைச் சரிபார்க்க சாச்சி என்னைத்தான் கூப்பிடுவார்.

அவர் விற்காத சவர்க்காரம் ஒன்றும் உண்டு. இலந்தை இலையும் கற்பூரமும் போட்டது. அக்கம்பக்கத்தில் ஒரு பெண் மௌத்தானால், அடக்கத்துக்கு முன் மையித்தைக் குளிப்பாட்டுவதற்கு அதைச் சும்மா கொடுத்தனுப்புவார். ஒரே நிபந்தனை, மிஞ்சிய துண்டு வீடு திரும்பக் கூடாது. மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

போன மாரியில், ஊரின் மறுகோடியில் இருக்கும் றுமானாவின் கலியாணத்துக்கு ரோஜாவும் கராம்பும் கலந்து ஒரு பெட்டி சவர்க்காரம் கேட்டிருந்தார்கள். கட்டி வெட்டும்போது விழும் துண்டுகளைச் சாச்சி எறிவதில்லை. ஒரு வாளியில் சேர்த்து வைத்து, துருவி உருக்கி, புது எண்ணெய் விட்டு மறுபடி வார்ப்பார். றுமானாவின் பெட்டியும் அப்படி வார்த்ததுதான். கலியாணத்துக்கு முதல் நாள் காலையில் அதைக் கொடுத்தும் விட்டார்.

பின்னேரம், ஒத்தாசைக்கு வரும் சாச்சியின் கணவரின் தங்கை வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மச்சி, எல்லாம் முடிஞ்சா? அப்னாட மையித்து வூட்டுல மிஞ்சினதயும் நான் இதுக்குள்ளதான் போட்டன். வீணாப் போகப்படாதே எண்டு."

அப்னா அந்த மாரியில் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோன இளம்பெண். பள்ளிக்கூட நாளிலிருந்து றுமானாவின் தோழி.

சாச்சி அடுப்பைக்கூட அணைக்கவில்லை. மழையோடு மழையாக என்னிடம் ஓடி வந்து நடந்ததைச் சொன்னார். "மோட்டர்சைக்கிள எடு மகன். அவள் குளிக்க முந்திப் போகணும்."

"உருக்கினதுதானே சாச்சி, ஒண்டும் ஆகாது. கற்பூரம் எண்டது வெறும்..."

"டேய் பட்டதாரி, பாடம் எடுக்காம ஓடு! மையித்தக் குளிப்பாட்டின சவுக்காரத்தாலயா புதுப்பொண்ணு குளிக்கிற?"

றுமானா வீட்டுப் படலையைத் திறந்ததுமே மணம் முகத்தில் அடித்தது. ரோஜாவும் இல்லை, கராம்பும் இல்லை. கற்பூரம் மணக்கும் ஜனாஸா வீட்டில் நிற்பது போலிருந்தது.

நான் விறாந்தையில் நின்றுகொண்டேன். சாச்சி திரைச்சீலைக்கு அப்பால் போனார். உள்ளே குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். கூடவே பேச்சு. ஒருத்தி ஏதோ சொல்ல இன்னொருத்தி சிரித்தாள்.

"உள்ள ஆரு கூட?" என்றார் சாச்சி.

"ஆரு? அவள் மட்டுந்தான்," என்றார் றுமானாவின் உம்மா. "தோழி போன நாளுலயிரிந்து வாய் தொறக்காத புள்ள. ஒங்கட கட்டிய மோந்து பார்த்தாள், ஒரே சிரிப்பு. இது ரெண்டாவது குளிப்பு. அப்புடி என்னகா மருந்து போட்டீங்க?"

சாச்சி கதவைத் தட்டினார். "றுமானா! புள்ள, அந்தச் சவுக்காரத்த வெய். சரியாக் காயல்ல, தோல் எரியும். எல்லாத்தயும் தா, வேற கொண்டு வாறன்."

பேச்சு நின்றது. தாழ்ப்பாள் திறந்தது. பிறகு றுமானாவின் உம்மாவின் குரல் மாறிப்போய்க் கேட்டது.

"ஈரத்தலைய ஆரு புள்ள இப்புடி இறுக்கிப் பின்னின?"

றுமானா சாச்சியிடம்தான் பேசினாள். "பெட்டி அந்தா இரிக்கி, கொண்டு போங்க சாச்சி. கையில இரிக்கிற இந்தக் கட்டிய மட்டும் தரமாட்டன்."

"தா மகள். சொல்றதக் கேளு."

"கலியாணத்துக்கு அவள் இரிக்கமாட்டாளே எண்டுதானே சாச்சி இவ்வளவு நாளும் அழுத. இதத் தேச்சா அவள் பக்கத்துல வந்து நிக்கிறாள். நாளைக்கும் வாறன் எண்டு சொன்னாள்."

உண்மையைச் சொல்லிக் கட்டியைப் பறிக்கத்தான் சாச்சி அவ்வளவு தூரம் மழையில் நனைந்து வந்தார். இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"வெச்சிக்க," என்றார் கடைசியில். "கரைஞ்சி முடியிற வரைக்கும் வெச்சிக்க."

பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி திரையை விலக்கி வெளியே வந்தார். வாசற்படியில் திரும்பி நின்று ஸலாம் சொன்னார். தாயும் மகளும் பதில் சொன்னார்கள்.

செருப்பைப் போட்ட பிறகு குளியலறைப் பக்கமாகப் பார்த்து, கபுறடியில் நின்று அடங்கியவர்களுக்குச் சொல்வது போலத் தாழ்ந்த குரலில், இன்னொரு ஸலாமும் சொன்னார்.