சேறு வாங்க ஆளில்லை

புவனகிரி பஸ் நிலையத்தில் எங்கள் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. சிதம்பரம் போகும் அடுத்த பஸ்ஸுக்காக எல்லோரும் வெயிலில் காத்திருக்கிறோம். என் காலடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் காலையில் கடலூர் கழிமுகத்தில் அள்ளிய பன்னிரண்டு புட்டி சேறு. சுனாமிக்குப் பிறகு அந்தச் சேற்றின் நுண்ணுயிர்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று மூன்று வருடமாக ஆராய்கிறேன். வழிக்கு எவ்வளவு ஐஸ் வேண்டும் என்பதை மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்தால் ஐஸெல்லாம் உருகி, புட்டிகள் தண்ணீரில் கிடக்கின்றன.

பக்கத்தில் மீன் கூடையோடு நிற்கும் அக்கா எட்டிப் பார்க்கிறார்.

“இன்னா தம்பி, சேறா?”

“இதுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்குக்கா.”

“ஐஸ் இல்லன்னா செத்துடுமா?”

“இல்லக்கா, ஜாஸ்தியாயிடும்.”

“ஜாஸ்தியானா நல்லதுதானே?”

“எண்ணிக்கை தப்பாயிடும். திரும்பவும் போயி அள்ளணும்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். என் வீட்டிலும் இப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு கூடையை மூடியிருந்த சாக்கை விலக்கி, மீன் மேலிருந்த ஐஸை இரண்டு கை நிறைய அள்ளிப் பெட்டியில் போடுகிறார்.

“உங்க மீனு கெட்டுடுமேக்கா.”

“நான் போனதும் வித்துடுவேன். உன் சேத்த யாரு வாங்குவா?”

பஸ் வருகிறது. கண்டக்டர் மூக்கைச் சுளித்து, “மீனெல்லாம் பின்னாடி போ” என்று எங்கள் இருவரையும் சேர்த்தே சொல்கிறார். ஆராய்ச்சி மாணவன் என்று விளக்க வாயெடுக்கிறேன். அதற்குள் அக்கா கடைசி சீட்டில் எனக்கும் இடம் போட்டுவிட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன்.